பழைய சிஸ்டமே போதும்

எங்கள் வீட்டில் இருந்த லேப்டாப், அண்ணன் அமெரிக்காவிலிருந்து ஒருமுறை வந்தபோது விட்டுவிட்டுப் போனது. அம்மாவுக்காகக் கொடுத்துவிட்டுப் போனான் என்று அம்மா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்வாள். நடந்தது எனக்குத் தெரியும். திரும்பிப் போகிற அன்று அவன் பெட்டியில் எடை ஜாஸ்தியாகிவிட்டது. பழைய லேப்டாப்பா மாங்காய் ஊறுகாயா என்று கொஞ்ச நேரம் யோசித்தான். ஊறுகாய் ஜெயித்தது.

அதில் விண்டோஸ் 98 இருந்தது. ஊர் உலகமே அதற்கடுத்து வந்த எக்ஸ்பிக்குப் போய் சில வருஷம் ஆகியிருந்தது. ஆம்பூரில் நான் ஏற்றுமதிக்கு பில் போட்டுக்கொண்டிருந்த ஷூ கம்பெனியில் வாட்ச்மேன் அறையில்கூட எக்ஸ்பிதான். எங்கள் வீட்டில் மட்டும் அந்த 98-ஐ அப்பா உட்கார்ந்திருந்த மர நாற்காலியில் தலையணை போட்டு உட்காரவைத்து, மேலே நூலில் பின்னிய குரோஷா துணி போர்த்தி, அப்பாவுக்கே கிடைக்காத மரியாதையோடு வைத்திருந்தாள் அம்மா. மவுஸுக்கு அடியில் போட மட்டும் கம்பெனியில் கழித்துப்போட்ட ஆட்டுத்தோல் துண்டு ஒன்றை நான் கொண்டுவந்து கொடுத்தேன். அதன் வாடை லேப்டாப்புக்கு ஆகாது என்று முதல் ஒரு வாரம் முணுமுணுத்தாள்.

அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா மிஷன் ஸ்கூலில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நான் கல்யாணம் ஆகாதவள். இந்த இரண்டு விஷயத்தையும் அம்மா ஒரே மூச்சில் சொல்லித்தான் என்னைப் புது ஆட்களுக்கு அறிமுகம் செய்வாள், முன்னது அவள் பெருமை, பின்னது என் குற்றம் என்கிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்ப ஜெபம். லேப்டாப்பில் அண்ணனும் சேர்ந்துகொள்வான். அவனுக்கு அது காலை நேரம். குரல் மட்டும்தான் வரும். அம்மா ஜெபம் செய்வாள், நாங்கள் கண்ணை மூடிக் கேட்போம், முடிவில் ஆமென் சொல்வோம். அம்மாவின் ஜெபம் சின்னதில்லை. முதலில் சபை, அடுத்து எங்கள் பாஸ்டர் ஐயர், அவர் பெண்சாதி, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், தேசத் தலைவர்கள், தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்கிறவர்கள், பாலாற்றில் தண்ணீர், கடைசியில் தூரதேசத்தில் இருக்கிற பிள்ளை. பிள்ளை பகுதி மட்டும் தனி ஜெபம் அளவுக்கு நீளும். அவன் மேனேஜர், அவன் கார், அவன் முதுகுவலி எல்லாம் தேவனிடம் விவரமாகப் போகும். எல்லாம் முடிந்தபின் மூச்சு வாங்கிக்கொண்டு, "இவளுக்கும் ஒரு வழி காட்டும்" என்பாள். அந்த இவள் நான்.

உடனே லேப்டாப்பிலிருந்து "ஆமென்" என்று கணீரென்று குரல் வரும். "அத்தன தூரத்துல இருக்குறான், ஆமென் ஒரு நொடி பிந்தாது" என்று மாதர் சங்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

ஜெபத்தில் கண்ணைத் திறப்பது எங்கள் வீட்டில் திருட்டுக்குச் சமம். சின்ன வயதில் அண்ணன், ஜெபம் முடிந்ததும் முதல் வேலையாக, "மா, பாப்பா கண்ண தொறந்துச்சு" என்று போட்டுக்கொடுப்பான். அம்மா அடிஸ்கேலை எடுத்து என் விரல் முட்டியில் வைப்பாள். அவன் எப்படிப் பார்த்தான் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கத் தெரியாமல் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மாவுக்கு சர்க்கரை கண்ணில் இறங்கியது. வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் லேசர் வைத்தோம், மறுபடி வைத்தோம். இருக்கிற பார்வை இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்று டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. பஸ் பள்ளிகொண்டா தாண்டியதும் அவள், "பார்வ போறதுக்குள்ள பெரியவன் முகத்த ஒருவாட்டி பாத்துடணும்" என்றாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த என் முகத்தை அவள் பார்க்கவில்லை. அது எப்போதும் இருக்கிற முகம்.

அண்ணனுக்கு லீவு இல்லை. "வீடியோல பாக்கலாம்மா. நான் கேமரா வாங்கி வெச்சுட்டேன். உங்க சிஸ்டம்தான் இடிக்குது. 98-ல வீடியோ வராது" என்றான். சந்தோஷம், எக்ஸ்பி போட்டுவிடலாம் என்றேன் நான். அப்போதுதான் அவன் பேச்சு மாறியது. வேண்டாம், பழைய லேப்டாப் தாங்காது. அடுத்த வாரம், மெமரி கம்மி. அதற்கடுத்த வாரம், பாதியில் நின்றுவிட்டால் இப்போது வருகிற குரலும் போய்விடும். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் விசாரித்துக்கொண்டு வந்து நிற்பேன், அவனிடம் அதைவிடப் புதிதாக ஒரு தடை தயாராக இருக்கும்.

எங்கள் கம்பெனியில் சிஸ்டம் வேலை பார்த்தவர் வாணியம்பாடிக்காரர், பாய் என்று கூப்பிடுவோம். அவரிடம் லேப்டாப் விவரத்தைச் சொன்னேன். "மெமரி கொஞ்சம் ஏத்திட்டா ஓடும் மேடம். கொஞ்சம் ஸ்லோவா ஓடும், அவ்ளோதான். இதுல இன்னா பேஜார் இருக்குது?" என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன்.

"அவன் அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்குறவன். வேணாங்குறான். நீ செருப்புக்கு பில் போடுறவ, போடலாங்குற. நான் யார் பேச்ச கேக்கணும்?" என்றாள்.

விஷயம் சர்ச்சுக்குப் போனது. எங்கள் ஊரில் எதுவும் அங்கே போகாமல் இருக்காது. ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும்போது ஐயர், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இவர்களோடு, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் நல்ல முடிவு கிடைக்க வேண்டும் என்று சொன்னார். சபையே எழுந்து நின்று எங்கள் 98-க்காக ஜெபித்தது. வெளியே வந்ததும் கேட் பக்கத்தில் மாதர் சங்கம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. ஒரு அக்கா, "புதுசு போட்டதுல எங்க வூட்ல பிரிண்டரே செத்துப்போச்சு" என்றாள். இன்னொருத்தி, பெற்றவள் கண்ணைவிட லேப்டாப் பெரிதா என்றாள். அவளைப் பார்த்து அம்மா முறைத்தாள். அந்த முறைப்பும் ஒரு பக்கமாகத் தள்ளி, யாரும் நிற்காத இடத்தில் போய் விழுந்தது. நான் மட்டும் கவனித்தேன்.

மாதங்கள் போயின. ஒரு ஞாயிறு ஆராதனையில் அம்மாவின் முறை, வேத பாடம் வாசிக்க வேண்டும். முன்னால் போய் நின்று, புத்தகத்தை விரித்து, தலையை அசைத்து அசைத்து அருமையாக வாசித்தாள். சொல் ஒன்று தப்பவில்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது கையைப் பார்த்தேன். அவள் கொண்டுபோனது பாட்டுப் புத்தகம். மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்தது அவன்மேல் ஆத்திரம்தான். மறுநாள் யாரையும் கேட்காமல் லேப்டாப்பைக் குரோஷா துணியோடு சுற்றி எடுத்துக்கொண்டு போய் பாயிடம் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் மெமரி ஏற்றி எக்ஸ்பி போட்டுக் கொடுத்துவிட்டார். தாங்காது என்று அவன் சொன்ன லேப்டாப் அதுபாட்டுக்குத் தாங்கியது.

அந்த ஞாயிறு அண்ணன் குரல் வந்ததும், "எக்ஸ்பி போட்டாச்சு. கேமராவ போடு" என்றேன்.

"ஓ. யாரு போட்டது? ஒரிஜினலா?" என்றான்.

"அம்மா காத்துக்கினு இருக்காங்க."

போட்டான். படம் முதலில் கட்டம் கட்டமாக வந்து, பிறகு தெளிந்தது. தொப்பை போட்டிருந்தான். முன்னால் முடி ஏறிப் போயிருந்தது. பின்னால் பெரிய நாற்காலி. அம்மா மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். இடது கண்ணால் பார்த்தாள், வலது கண்ணால் பார்த்தாள்.

"வெள்ளையா ஏதோ தெரியுது. சட்டையாடி?"

அது அவன் வழுக்கை. "சட்டதாம்மா" என்றேன்.

"அழகா இருக்குறான்" என்றாள் அம்மா. அந்த நெற்றி வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தெரியவில்லை. சில மாதங்களுக்கு முன்னால் போட்டிருந்தால் மூக்கும் கண்ணும் தெரிந்திருக்கும், மீசை எடுத்ததற்குத் திட்டியும் இருப்பாள்.

பிறகு ஜெபம் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் கேமரா கிடையாது. அதனால் நாங்கள் அவனுக்குத் தெரியமாட்டோம். அம்மா கண்ணை மூடினாள். நான் மூடவில்லை. இத்தனை மாதம் போராடி வாங்கிய படத்தைப் பார்க்கத்தானே போட்டேன்.

அம்மா சபைக்காக ஜெபித்து முடிக்கவில்லை, அண்ணன் எழுந்தான். போய்விட்டான். நாற்காலி மட்டும் இருந்தது. ஐயர் போனார், அவர் பெண்சாதி போனாள், தேசத் தலைவர்கள் எல்லோரும் போனார்கள், பாலாற்றுக்குத் தண்ணீர் கேட்டாயிற்று, அவன் வரவில்லை. அம்மா காலி நாற்காலிக்கு முன்னால் கை கூப்பி, குரல் நடுங்க, அவன் முதுகுவலிக்காக மன்றாடினாள். நான் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மாட்டுத்தோல், தையல் நேராக இருந்தது. தொழில் புத்தி, அந்த நேரத்திலும் போகவில்லை. "இவளுக்கும் ஒரு வழி காட்டும்" என்று அம்மா என் இடத்துக்கு வந்தபோது, அந்த வரிதான் அடையாளம் என்பதுபோல் கையில் தட்டோடு அவன் வந்து உட்கார்ந்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, ஒரு நொடி பிந்தாமல் ஆமென் சொன்னான்.

இத்தனை மாதமாக எக்ஸ்பி ஏன் வேண்டாம் என்றான் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அவன் இணைப்பைத் துண்டித்ததும் அம்மாவிடம் சொன்னேன். மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "நீ ஜெபம் பண்ணும்போது அவன் அங்க இல்ல. எழுந்து போய்ட்டான். நாற்காலிகிட்டதான் ஜெபம் பண்ண. கடைசியில ஆமெனுக்கு மட்டும் வந்தான். தின்னுக்கினே வந்தான்."

அம்மா என் குரல் வந்த பக்கம் திரும்பினாள். ஸ்கூலில் இருந்த காலத்து முகம்.

"ஜெபத்துல நீ எதுக்குடி கண்ண தொறந்த?"

அவளிடம் இப்போது அடிஸ்கேல் இல்லை. ஆனாலும் என் விரல்கள் தானாக மடங்கிக்கொண்டன.

அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாள், கையைப் பிடித்தால் பாத்ரூமுக்கு நடந்தாள். பொய் சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் எக்ஸ்பி. கேமராவைப் போட்டான். "நல்லா தெரியுதாம்மா?" என்றான். "தெரியுது கண்ணு" என்றாள். ஜெபம் ஆரம்பித்தாள். சபை முடிந்தது. அவன் எழுந்து போனான். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன், இனி அடி வாங்குவதாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று. ஐயர், ஐயர் பெண்சாதி, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள். "அவங்க கண்ணீர துடைச்சருளும்" என்று சொன்னவள், அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"ஆமென்" என்றாள்.

நான் சொல்லவில்லை. லேப்டாப்பும் சொல்லவில்லை. அம்மா கை கூப்பியபடியே, முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் எங்கேயோ தண்ணீர் குழாய் திறக்கிற சத்தமும், ஒரு பாத்திரம் வைக்கிற சத்தமும் கேட்டன. அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று முன்னாலேயே சொன்னேன்.

"கண்ணு" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். நாற்காலி அப்படியே இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். நான் ஜெயித்துவிட்டேன் என்றும் நினைத்தேன், அதைச் சொல்லாமல் விடுவானேன். அம்மா கையை நீட்டித் தடவி, மூடியைக் கண்டுபிடித்து, லேப்டாப்பை மூடினாள். மேலே குரோஷா துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"நாளைக்கு எடுத்துக்கினு போய் அந்த பாய்கிட்ட குடு" என்றாள். "பழைய சிஸ்டத்தையே போட்டுக்குடுக்கச் சொல்லு. அவன் வேணாம்னு படிச்சுப் படிச்சு சொன்னான். நீதான் கேக்கல."

பாய் ஏன் என்று கேட்டார். ஸ்லோவாக இருக்கிறது என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு 98 திரும்பி வந்தது. குரல் மட்டும் வந்தது. "இப்பதாம்மா கிளியரா கேக்குது" என்றான் அண்ணன். அம்மா சபையில் தொடங்கி, ஒருவரையும் விடாமல், அவன் காரையும் முதுகுவலியையும் விடாமல், முழு நீளத்துக்கு ஜெபித்தாள். எனக்காகக் கேட்கிற வரியை மட்டும் அன்றைக்கு விட்டுவிட்டாள். அதனால் அண்ணனின் ஆமென் கொஞ்சம் பிந்தி வந்தது. அம்மா காத்திருந்து வாங்கிக்கொண்டாள்.