மல்லிகா அக்காவின் வலது கால்

செவ்வாய்க்கிழமை காலை தோசைக்கல் காய்ந்துவிட்டது. மல்லிகா அக்கா வரவில்லை. ஏழு மணிக்கு அவர் கணவர் முதலாளிக்குப் போன் செய்தார். மாரடைப்பில் அக்கா போய்விட்டாராம். முதலாளி அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னைக்குக் கடை கிடையாது" என்றார்.

மராட்டி ஊரான இந்தக் கராடியில் எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் உங்களுக்கு அவருடைய தோசை தெரியும். அவருடைய கால்கள் தெரிந்திருக்காது. பதினோரு வருடம் கல்லுக்கு முன்னால் நின்றே வேலை செய்தவர். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகச் சுருண்டு புடைத்திருந்தன. வெரிகோஸ் என்பார்கள். சாயங்காலமானால் கால் கனத்துவிடும்.

யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, பச்சைப் பூண்டை அரைத்துக் கட்டினால் நரம்பு அடங்கிவிடும் என்று நம்பினார். "சாம்பாருக்கு நல்லது, எனக்கு மட்டும் கெட்டதா?" என்றார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவ வந்த நான்தான் அரைத்துக் கொடுத்தேன். நான்கு நாளில், கட்டியிருந்த இடது கால் கொப்புளித்தது. "கெட்ட நீர் வெளியேறுது புள்ள" என்று சந்தோஷப்பட்டு, வலது காலிலும் கட்டச் சொன்னார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லாமல் கட்டிவிட்டேன்.

கொப்புளம் உடைந்து புண்ணானதும், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு மராட்டிக்காரப் பெண்மணி. எப்படி ஆனது என்று இந்தியில் கேட்டார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது என்றார். அரைத்தவள் நான் என்பதால், என்னைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். டாக்டரும் மருந்து எழுத ஆரம்பித்துவிட்டார். புடவைக்குள் வலது காலில் கட்டு அப்படியே இருந்தது.

நான் கடையில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவே தயங்குகிறவள். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "லசூண் பாந்தா ஹை. தூஸ்ரே பைர் மே பி." பூண்டு கட்டியிருக்கிறோம், இன்னொரு காலிலும் என்று.

டாக்டர் உடனே கட்டைப் பிரித்துக் கழுவச் சொன்னார். தோல் சிவந்திருந்தது, கிழியவில்லை. பூண்டும் எண்ணெயும் புடைத்த நரம்பைச் சரியாக்காது, பச்சைப் பூண்டு தோலையே பொசுக்கிவிடும் என்றார். காலை உயர்த்தி வைப்பதும், நடப்பதும், புண் ஆறிய பிறகு, தன் யோசனைப்படி அணியும் இறுக்கமான காலுறையும் வலியைக் குறைக்கும். நரம்பை எடுக்க வேண்டுமென்றால் அதற்குச் சிகிச்சை இருக்கிறது என்றார்.

ஆட்டோவில் அக்கா வெளியே பார்த்தபடியே வந்தார். என்மேல் கோபம் என்று நினைத்தேன். கடை வாசலில் இறங்கும்போது, "இத்தனை நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? என்னை மாட்டிவிடத்தான் பேச்சு வந்துச்சா?" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அதன் பிறகு புதிதாக யார் வந்தாலும் என்னைக் காட்டி, "இவதான் என்னை டாக்டர்கிட்ட மாட்டிவிட்டவ. இவ இல்லன்னா ரெண்டு காலும் போயிருக்கும்" என்பார். நான் சமையலறைக்குள் ஓடிவிடுவேன்.

இடது காலில் தழும்பு விழுந்தது. வலது கால் தப்பித்தது.

அவர் வீட்டில், அக்காவை எடுத்துப்போகும் முன் கால்மாட்டில் நின்றிருந்தேன். அதுவரை நான் பார்த்திராத அவர் கணவர் அருகில் வந்தார். "மாட்டிவிட்ட புள்ள நீதானாம்மா?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடவில்லை. "ஆமாண்ணே, நான்தான்" என்றேன். அக்கா எனக்கு வைத்துவிட்டுப் போன பெயர் அது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.