உப்புக்காக வெட்டிய சவுக்கு

ஜப்பான்காரன் வந்த மறுவருஷம் நடந்தது இது. அப்போது நாங்கள் பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். வருஷத்தில் ஒரே ஒரு நாள், மாசி மகத்தன்று, மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கடலாடப் போவோம். பிள்ளைகளே, எங்களுக்கு வாய்த்த உல்லாசம் அவ்வளவுதான். வெள்ளை மணல், அதன் பின்னால் சவுக்கு மரங்கள், மரங்களுக்குப் பின்னால் ஒரு மலாய் மீனவரின் பலகை வீடு. குளித்து வருகிறவர்களுக்கு அவர் மனைவி நல்ல தண்ணீர் மொண்டு ஊற்றுவார். அந்த மீனவரை நாங்கள் அபாங் என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். எங்களோடு பழகி, தமிழும் ஓரளவு பேசுவார்.

அந்த வருஷம் கடைகளில் உப்பே இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு, அதுவும் உப்பில்லாமல். உங்கள் பெரியக்கா அப்போது கைக்குழந்தைப் பருவம் தாண்டி நடை பழகிய வயது. வாயில் வைத்ததைத் துப்பிவிட்டு அழுவாள். கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கலாம் என்று ஆறு பேர் தகரப் பீப்பாய்களோடு அதே கரைக்குக் கிளம்பினோம். ஒரு படி உப்புக்கு ஒரு வண்டி விறகு தின்றது அடுப்பு. சவுக்கு நின்று எரியும். வெட்ட ஆரம்பித்தோம்.

பின்வரிசை முடிகிறவரை அபாங் தடுக்கவில்லை. அவரே கூட நின்று மரம் இழுத்தார். கடலைப் பார்த்த முன்வரிசையில் கோடரி வைத்ததும் ஓடி வந்தார்.

"இத மட்டும் விட்டுடுங்க தம்பி."

எங்களில் ஒருவன் சிரித்தான். "என்னா அபாங், கடலு ஆடா மாடா, மரம் இல்லேன்னா வீட்டுக்குள்ள வந்துர்றதுக்கு?"

"வரும்," என்றார்.

நான்தான் சமாதானம் சொன்னேன். ரப்பர் மரத்தை முழங்கால் உயரம் விட்டு வெட்டினால் மழைக்குத் தழைத்துவிடும். எல்லா மரமும் அப்படித்தான் என்பது என் நினைப்பு. "மரத்துலயே பொழைக்கிறவங்க நாங்க. அடிய விட்டுத்தான் வெட்டுறோம் அபாங், ரெண்டு மழையில தழைச்சிரும்லா."

மரம் தெரிந்தவன் சொல்கிறான் என்று அவர் நம்பிவிட்டார். விலகி வழிவிட்டார்.

சவுக்கு தழைக்கவில்லை. அடிக்கட்டைகள் காய்ந்து இற்றுப்போயின. மறுவருஷ மகத்துக்குப் போனால், வண்டி நிறுத்தும் இடம் வரைக்கும் தண்ணீர். அதற்கடுத்த வருஷம் வீட்டுப் படியில் அலை அடித்தது. அபாங்கும் அவர் மனைவியும் சுவர்ப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஒரு பலகையின் முனையைப் பிடித்தேன். அவர் மெதுவாக என் கையை எடுத்துவிட்டார். திட்டவில்லை.

"அந்த உப்பு எத்தன நாளு வந்துச்சு தம்பி?"

"ரெண்டு மாசம்," என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். அதன்பிறகு அவர் என்னோடு பேசவேயில்லை.

சண்டை முடிந்தும் கடல் நிற்கவில்லை. இன்றும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு துண்டு கரையைக் கொண்டுபோகிறது. அந்த மணலில் உங்களை ஒருநாள்கூட விளையாட விட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. அந்தக் காலத்துக் கெட்டதையெல்லாம் ஜப்பான்காரன் தலையில் போட்டு நாங்கள் தப்பித்துக்கொள்கிறோம். ஆனால் அந்தக் கரையை அழித்தது, தெரியாத மரத்தைத் தெரிந்ததுபோல் பேசிய உங்கள் அப்பாவின் வாய் என்பது இன்னும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை.