அணைக்கு முன்னால் ஒரு கேட்சர்

நிரசாவா தோகுஜியின் முகம் ஜப்பானில் யாருக்கும் தெரியாது. அவன் முதுகு எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு வருஷம் அந்த முதுகில் ஜிப்பை ஏற்றியதும் இறக்கியதும் நான்தான். இறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து வியர்வை குடம் சாய்த்த மாதிரி என் காலில் கொட்டும். "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்று சொல்லியே என் உயிரை வாங்குவான். இப்போது கிழங்குக்குப் பேர்போன சொந்த ஊர் கும்மாவுக்கே போய் அதையே பயிரிடுகிறான். வருஷா வருஷம் புத்தாண்டு அட்டை வரும். அதிலும் தாமதமாக எழுதியதற்கு ஒரு மன்னிப்பு இருக்கும்.

என் பெயர் நோசாக்கா தோமி. தோக்கியோவின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் ரப்பர் உடுப்புகளுக்கெல்லாம் நான் பொறுப்பு. கிழிந்தால் ஒட்டுவேன், வால் கழன்றால் தைப்பேன், உள்ளே இருக்கிறவன் மயங்கி விழுந்தால் முகத்தில் தண்ணீர் அடிப்பேன். ஞாயிறு மாலை ஏழு மணியானால், விண்வெளியிலிருந்து வந்த வெள்ளி வீரன் ஒரு ராட்சச மிருகத்தை அடித்து வீழ்த்துவதைப் பார்க்க ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்துவிடும். வீரனுக்குக் குழந்தைகளிடமிருந்து கடிதம் மூட்டை மூட்டையாக வரும். மிருகத்துக்குள் இருந்தவனை யார் கேட்டார்கள்? ஒரு நாய்கூடக் கேட்டதில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தோகுஜி எங்களிடம் வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. அதற்கு முன் பெரிய பேஸ்பால் அணி ஒன்றில் ஏழு வருஷம் இருந்திருக்கிறான். இதைக் கேட்டவுடன் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். "எந்த ஆட்டத்துல ஆடினே?" என்று கேட்டால், "ஆடலை" என்பான். அது பொய்யில்லை. ஆட்டக்காரர்கள் ஆடுவதற்கு முன் பிட்சர்கள் கை சூடேறப் பந்து வீசிப் பழகும் கொட்டகை ஒன்று உண்டு. அங்கே குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் வாங்கித் திருப்பிப் போடும் கேட்சர் இவன். அந்த வேலைக்கு அங்கே 'சுவர்' என்று பெயர். ஏழு வருஷம் சுவராக இருந்தான். வெளியே ஐம்பதாயிரம் பேர் கத்துவது காதில் விழும், ஆனால் ஒரு நாள்கூட மைதானத்தில் நிறுத்தவில்லை. ஒரு நவம்பரில் கூப்பிட்டு, போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கோ நாற்பது கிலோ ரப்பரைச் சுமந்துகொண்டு மணிக்கணக்காக முட்டி மடக்கி நிற்க ஆள் வேண்டியிருந்தது. பார்க்க வாட்டசாட்டமாக வந்த நடிகர்கள் எல்லாம் அரை மணியில் சுருண்டார்கள். இவன் தொடையைப் பார்த்ததுமே டைரக்டர் குமாதா, "இவன்தான்" என்றார். சும்மா சொல்லக் கூடாது, நின்றான் பாருங்கள். விளக்குச் சூட்டில் இரும்பே இளகும் கூடத்தில் மூச்சுக் காட்டாமல் நின்றான். மனைவி சுமியே கொடுத்தனுப்பும் பார்லித் தண்ணீரும் உப்பில் ஊறிய பிளம் பழமும்தான் அவனுக்கு மருந்து.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. மதியம் சாப்பாடு முடிந்ததும் கூடத்து ஆட்கள் எல்லாம் முற்றத்தில் பந்து எறிந்து விளையாடுவார்கள். இவன் மட்டும் போகமாட்டான். வந்து ஒரு பந்தாவது பிடியேன் என்று கெஞ்சினாலும் சிரித்துவிட்டு உடுப்பைக் காயப்போட உட்கார்ந்துவிடுவான். ஆகஸ்டில் கோஷியென் மைதானத்தில் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி நடக்கும்போது இன்னும் மோசம். கேன்டீனில் தொலைக்காட்சி ஓடும், எங்களுக்கு வேலையே ஓடாது. தோற்ற பள்ளிப் பையன்கள் விக்கி விக்கி அழுதபடி மைதானத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவார்கள் அல்லவா, அதைப் பார்த்து நான், "தோத்துட்டு மண்ணை வேற சுமக்குதுங்க" என்று கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். தோகுஜி பாதிச் சோற்றோடு எழுந்து போய்விட்டான். கிழங்குக்காரனுக்கு இன்று வயிறு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அறிவு அவ்வளவுதான்.

அக்டோபரில் அணைக்கட்டுக் காட்சி வந்தது.

மிருகத்தின் பெயர் இவாதோன். மலையிலிருந்து இறங்கி வந்து அணைக்கு முன்னால் நிற்கும். வெள்ளி வீரன் ஓர் எரிகல்லை எறிவான். அது மிருகத்தைத் தாண்டிப் போய் அணையில் பட, அணை உடைந்து வெள்ளம் மிருகத்தை அடித்துக்கொண்டு போகும். இதற்காகப் பதினொரு நாள் உட்கார்ந்து அணை கட்டினார்கள். இடுப்பளவு உயரம், பின்னால் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர், முன்னால் உண்மையான ஆற்று மண்ணைக் கொட்டிப் பள்ளத்தாக்கு. எரிகல் என்பது மரத்தூளைப் பசையில் உருட்டி வெள்ளி பூசிய, ஆரஞ்சுப் பழம் அளவு உருண்டை. வெள்ளி வீரனின் முகமூடிக்குள் ஒன்றும் தெரியாது என்பதால், கேமராவுக்குக் கீழே குனிந்து அதை எறிகிற வேலை செட் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஷிபுதானிக்கு.

கேமராக்கள் ஓடின. ஷிபுதானி எறிந்தான். இவாதோன் சட்டென்று முட்டி மடக்கிக் குந்தியது, இடது கையை நீட்டியது, எரிகல்லை லபக்கென்று பிடித்தது.

அணையை உடைக்கும் கயிற்றைப் பின்னாலிருந்து இழுக்கிறவன் எண்ணிக்கைப்படி இழுத்துவிட்டான். ஒன்றும் படாமலே அணை உடைந்தது. எரிகல்லைக் கையில் வைத்துக்கொண்டே மிருகம் வெள்ளத்தில் போனது. பதினொரு நாள் வேலை பதினொரு நொடியில் காலி.

"டேய்! இது பேஸ்பாலாடா?" குமாதா நாற்காலியை உதைத்தார். "பூமியை அழிக்க வந்த மிருகம் எங்கேயாவது பந்து பிடிக்குமா?"

தோகுஜி தலையைக் கழற்றிவிட்டுத் தரையில் நெற்றி பட விழுந்தான். "மன்னிச்சிருங்கய்யா. கை தானாப் போயிருச்சு."

"ஆறு நாள்ல மறுபடி அணை கட்டுறோம். ஒளிபரப்புக்கு அதுக்கு மேல நேரமில்ல. ஒரே தடவைதான் எடுப்பேன். இன்னொரு தடவை பிடிச்சே, இந்த உடுப்பு வேற ஆளுக்குப் போகும். நீ கும்மாவுக்குப் போய்க் கிழங்கு தோண்டு."

எனக்குக் குமாதா மேல் கோபம், அதைவிட இவன் மேல் கோபம். ஆனைக்கும் அடி சறுக்கும், சரி. ஆனால் கை தானாகப் போகிறது என்றால் அதை நிறுத்தப் பழக வேண்டாமா? மறுநாள் மதியம் ரப்பர் துண்டுகளை உருட்டி ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு அவனை உடுப்பு அறையில் நிறுத்தினேன்.

"நான் எறிவேன். நீ மரம் மாதிரி நிக்கணும். புரியுதா?"

"சரிக்கா."

எறிந்தேன். பிடித்தான். இன்னொன்று எறிந்தேன். அதையும் பிடித்தான். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எதிர்பாராமல் எறிந்தேன். என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியபடியே பிடித்தான். கூடை காலியானபோது தரையில் ஓர் உருண்டைகூட இல்லை. ஆத்திரத்தில் என் சோற்று உருண்டையை எடுத்து எறிந்தேன். நசுங்காமல் பிடித்து, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான்.

"அடப் பாவி! உன்னை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? கழுத்து ஓட்டை வழியாத்தானே பார்க்கிறே. அதை டேப் போட்டு ஒட்டிடறேன். பந்து வர்றது தெரிஞ்சாத்தானே பிடிப்பே?"

"வேணாம்க்கா." அவன் குரல் இவ்வளவு கெட்டியாக நான் கேட்டதில்லை. "கண்ணை மூடிக்கிட்டு மட்டும் விட மாட்டேன்."

அப்புறம்தான் சொன்னான். பதினெட்டு வயதில் அவன் பள்ளி கும்மா மாநில இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறது. ஜெயித்தால் கோஷியென். கடைசி ஆட்டக்காரன், கடைசிப் பந்து, ஒரு ரன் முன்னிலை. பிட்சர் வீசினான், மட்டைக்காரன் மட்டையைச் சுற்றி ஏமாந்தான், பந்து படவில்லை. கேட்சர் அந்தப் பந்தைக் கைக்குள் அடக்கினால் ஆட்டம் முடிந்தது. தவறவிட்டால் முடியாது, மட்டைக்காரன் ஓடலாம். பந்து தோகுஜியின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து பின்வேலி வரை உருண்டது. அவன் துரத்திப் பிடிப்பதற்குள் எதிரணியில் இரண்டு பேர் ஓடி முடித்து இரண்டு ரன் எடுத்து ஜெயித்துவிட்டார்கள்.

"எல்லாரும் கை தவறிருச்சுன்னாங்க. கை தவறலைக்கா. மட்டை சுத்துறப்போ பயந்து கண்ணை மூடிட்டேன். எனக்கு மட்டும்தான் அது தெரியும். எங்க பசங்க ஒன்பது பேரும் கோஷியென் மண்ணை மிதிக்கலை. தோத்து அழுறதுக்குக்கூட அங்க போக முடியலை. அதுக்கப்புறம் ஏழு வருஷம் சுவரா இருந்தேனே, ஒரு பந்து விட்டதில்லை."

கேன்டீனில் சிரித்தது ஞாபகம் வந்து காது சுட்டது.

"இந்த வேலை போனா போகட்டும்னு சுமியே சொல்றா," என்றான். "எனக்கு மனசில்ல. அங்க நான் கொட்டகையிலேயே இருந்தேன். இங்க வாரா வாரம் ஆடுறேன். தோக்கிறேன்தான், ஆனா ஆடுறேன்."

"அப்போ என்ன செய்யப் போறே?"

"தெரியலைக்கா," என்று சொல்லிவிட்டு என் உருண்டைகளைக் கூடையில் அடுக்கத் தொடங்கினான்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் அவனும் ஷிபுதானியும் முற்றத்து மூலையில் நின்று ஏதோ பேசுவதைப் பார்த்தேன். ஷிபுதானி முதலில் தலையைத் தலையை ஆட்டி மறுத்தான். பிறகு சிரித்தான். என்னவென்று கேட்டதற்கு, "அது கேட்சருக்கும் பிட்சருக்கும் நடுவுல, உங்களுக்கு எதுக்கு?" என்றான் பெரிய மனுஷன் மாதிரி. ஒரு குத்து விட்டேன், அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் ஜிப்பை ஏற்றும்போது, "ஓட்டையை ஒட்டலை. பார்த்துக்க," என்று மட்டும் சொன்னேன். "மன்னிச்சிருங்கக்கா" என்றான். எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புது அணை, புது மண், நிறைந்த தொட்டி. "ஓடட்டும்!" என்றார் குமாதா. இவாதோன் இரண்டு அடி நடந்து வந்தது, கர்ஜித்தது, பிறகு அணைக்கு முன்னால் மெதுவாக முட்டி மடக்கிக் குந்தியது.

அவன் குந்தினால் பிடிப்பான் என்று அறியாதவர் யார்? "எவன்டா உட்காரச் சொன்னது?" என்று குமாதா பல்லைக் கடித்தார். ஆனால் ஃபிலிம் ஓடிக்கொண்டிருந்தது, அணை ஒன்றுதான் இருந்தது. நிறுத்த அவருக்குத் தைரியமில்லை.

நான் பக்கவாட்டில் நின்றதால் பார்த்தேன். மிருகத்தின் வலது கை தொடைகளுக்கு நடுவே இறங்கியது. மூன்று நகங்களில் இரண்டு நீண்டன, மடங்கின, பிறகு தரையைச் சுட்டின. கேட்சர் தன் பிட்சருக்குக் காட்டும் சைகை அது. எந்தப் பந்து, எங்கே வர வேண்டும் என்று கேட்பது கேட்சரின் வேலை. அவன் கேட்டான். கேமராவுக்குக் கீழே ஷிபுதானி தலையசைத்தான்.

எரிகல் வந்தது. தாழ்வாக, வேகமாக, நேராக வந்தது. இவாதோனின் இடது கை அசைந்தது. ஐயோ போச்சு என்று என் வாயே சொல்லிவிட்டது. அந்தக் கை பாதி வழியில் நின்று, விரிந்து, அப்படியே இருந்தது. இரண்டு காலுக்கும் நடுவே எரிகல் புகுந்து போய் அணையில் பட்டது. அணை பிளந்தது. வெள்ளம் மிருகத்தைப் பின்னாலிருந்து தூக்கிப் பள்ளத்தாக்கு நெடுகப் புரட்டிக்கொண்டு போய்க் கீழ்க்கோடியில் போட்டது.

"நிறுத்து! அருமை!" குமாதா தொப்பியைத் தூக்கி எறிந்தார். ஆட்கள் கை தட்டினார்கள். நனைந்த ரப்பர் ஆளை மூழ்கடித்துவிடும், அதனால் நான் சேற்றில் விழுந்தடித்து ஓடி ஜிப்பை இறக்கினேன். தலையைப் பிடுங்கிப் போட்டேன். தோகுஜியின் கண்கள் அகலத் திறந்திருந்தன, சிவந்திருந்தன. கன்னத்தில் ஓடியது வியர்வையா, தொட்டித் தண்ணீரா, வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை.

"பார்த்தியா?" என்றேன்.

"பார்த்தேன்க்கா. கடைசி வரைக்கும் பார்த்தேன்."

எழுந்திருப்பான் என்று பார்த்தால் மண்டியிட்டான். ரப்பர் நகங்களோடு அந்த ஈர மண்ணைக் கூட்டிக் கூட்டிக் குவித்தான். நகங்களுக்கு இடையே அது வழிந்து வழிந்து போயிற்று. மறுபடி அள்ளினான். கை தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஷிபுதானி ஓடி வந்து, அவனைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டான்.

தோகுஜி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ திருட்டில் பிடிபட்டவன் மாதிரி விழித்தான்.

"தோத்தவங்கதானேக்கா எடுத்துட்டுப் போகணும்?" என்றான்.

என்னிடம் பை எதுவும் இல்லை. இடுப்பில் கட்டியிருந்த மதியச் சாப்பாட்டுப் பெட்டியின் துணியை அவிழ்த்து, அவன் கைகளுக்குக் கீழே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.