மரக்கடை சொன்ன சேதி

எவால்ட் பிரோகாம்ப் எட்டாம் வகுப்போடு பள்ளியை முடித்தவர். அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த கையோடு அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பான் நகரத்துக்கு வந்து அரசியல் செய்தியாளர் ஆனார். டாக்டர் பட்டம் வாங்கிய பதினோரு செய்தியாளர்கள் உட்காரும் மேசையில் பன்னிரண்டாவது நாற்காலி அவருடையது. யார் சிபாரிசிலும் வந்ததல்ல.

மாதம் ஒருமுறை அரசாங்கத்துப் பெரிய மனிதர் யாராவது அந்த மேசைக்கு வருவார். ‘ஒன்று’ என்று தொடங்கினால் பெயர் போட்டு எழுதலாம். ‘இரண்டு’ என்றால் பெயரில்லாமல் எழுதலாம். ‘மூன்று’ என்றால் காதோடு சரி. மீறி எழுதியவனுக்கு மறுமாதம் நாற்காலி கிடையாது.

1964 அக்டோபரில் அமைச்சகச் செயலர் ரெட்டிக் பீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். “மூணு. ஹால்பெக் சுரங்கத்த வர்ற வசந்தத்துல மூடுறோம்.”

ஹால்பெக் எவால்ட் பிறந்த ஊர். அவர் தம்பி அந்தச் சுரங்கத்தை நம்பித்தான் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தான். எழுதினால் நாற்காலி போகும். எழுதாவிட்டால் தம்பி முகத்தில் விழிக்க முடியாது.

“என்ன, எழுத்துக் கோக்கிறவரே, பீர் எறங்கலையா?” என்று சீண்டினார் பக்கத்திலிருந்த டாக்டர் லூடெக்கிங்.

மறுநாள் எவால்ட் ஊர் மரவியாபாரி காஸ்பருக்குப் போன் போட்டார். சுரங்கக் கூரைக்கு முட்டுக்கொடுக்கும் மரம் அவருடைய கடையிலிருந்துதான் போகும்.

“அடுத்த வருஷத்துக்கு எத்தன வண்டி கேட்டிருக்காங்க காஸ்பரு?”

“வருஷா வருஷம் இதே கேள்விதானா உனக்கு? மரத்தயே கட்டிக்கிட்டிருக்கலாம்டா நீ!” சிரித்த காஸ்பரின் குரல் இறங்கியது. “இந்தத் தடவ ஒரு குச்சிகூடக் கேக்கல, எவால்டு. எம்பேரப் போட்டே எழுது.”

சனிக்கிழமை காலை காஸ்பர் பெயரோடு அந்தச் சேதி முதல் பக்கத்தில் வந்தது. திங்களன்று அமைச்சகம் ஒப்புக்கொண்டது.

அடுத்த கூட்டத்தில் ரெட்டிக் முகத்தில் சிரிப்பில்லை. “நான் சொன்னத வச்சுத்தானே மரக்கடைக்குப் போனீங்க?”

எவால்ட் பழைய நோட்டு ஒன்றை மேசையில் தள்ளினார். ஏழு அக்டோபர்கள், ஏழு எண்ணிக்கைகள். இந்த வருடத்துக்கான எட்டாவது வரியில் ஒரு பூஜ்யம்.

“நீங்க சொல்லாட்டியும் கேட்டிருப்பேங்க. சுரங்கம் ஓடுமா நிக்குமான்னு மரந்தான் மொதல்ல சொல்லும். இத எந்தப் பல்கலைக்கழகத்துல சொல்லித் தர்றாங்க?”

ரெட்டிக் நோட்டை மெல்லப் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எவால்டுக்கும் சேர்த்து பீர் சொன்னார். லூடெக்கிங் எவால்டின் காதருகே குனிந்தார்.

“அந்த மரக்காரர் நம்பர் கெடைக்குமா?”

“தரேன் டாக்டர். ஆனா எட்டாங்கிளாஸ் படிச்சவங்ககிட்டதான் அவர் பேசுவார்.”

அந்த நாற்காலியில் எவால்ட் இன்னும் பத்தொன்பது வருடம் உட்கார்ந்தார். தம்பி அஸ்திவாரக் குழியை மண் போட்டு மூடி, அந்த வருடப் பனி விழும் முன்பே வேறு ஊரில் வேலை பிடித்துக்கொண்டான்.