இன்ஷிராஹின் தொண்டை

நைல் ஆற்றில் கப்பல் கோம் ஓம்போ துறையை நெருங்கும்போதே இன்ஷிராஹ் சோம்புத் தண்ணீரைச் சுடச்சுடத் தொண்டையில் இறக்கிவிடுவாள். ஆற விடமாட்டாள். பிறகு முக்காட்டு நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டு, மேல்தளத்துக் கம்பியைப் பிடித்தபடி கரையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"பகீத், எழுந்திரு. விருந்தாளிங்க வர்றாங்க."

துறையில் நிற்கும் கழுதை காதைத் தூக்கும். மேட்டின்மேல் கோயில் வாசலில் நாற்காலியைச் சுவரோடு சாய்த்து உட்கார்ந்திருக்கும் காவலாளி பகீத், தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு எழுவான்.

ஸ்பானிஷ் பேசும் பயணிகளுக்கு அவள் வழிகாட்டி. வயது ஐம்பதைத் தொடும். ஆண்கள் போடும் தட்டையான தோல் செருப்பு, தோளில் மூட்டை போன்ற பை, சுட்டிக்காட்ட ஒரு பழைய குடை. பயணிகளின் காதில் செருகிவிட்டு மெல்லப் பேசும் கருவியைக் கம்பெனி கொடுத்தபோது, "காதை அடைச்சுக்கிட்டு யாராவது கோயிலுக்கு வருவாங்களா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். சாமிகளைப் பற்றி ஒன்றுவிட்ட சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவாள். "இந்தப் பருந்துத் தலைக்காரர் சண்டைக்குப் போய் ஒரு கண்ணைத் தொலைச்சுட்டு வந்தார். வீட்டுல என்ன பேச்சு வாங்கினாரோ." அவள் கணவன் நஸ்ருக்கு அஸ்வான் அணையில் மின்சார வேலை. "அங்கே இயந்திரம் போடற சத்தம் எனக்குத் தாலாட்டு மாதிரி. வீட்டுக்கு வந்தாத்தான் காது வலிக்குது," என்பான்.

அந்தத் தொண்டையில்தான் கொப்புளம் போல ஏதோ வந்திருந்தது. அஸ்வான் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னு பேசினாலும் தப்பு. மீறினா குரல் திரும்பாமலே போயிடலாம்."

"பயணிங்க வர்ற குளிர்காலத்துல வாயை மூடினா, வெயில் காலத்துல வாய்க்குள்ள எதைப் போடறது டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, மறுநாளே ஒரு குழுவோடு கப்பல் ஏறிவிட்டாள்.

அந்தக் குழுவில் எவுசேபியோ என்று ஒரு முதியவர் இருந்தார். ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்தவர். கண் பார்வை போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அக்காள் ரெமெடியோஸ் கூட வந்திருந்தாள். ஆனால் கப்பலை விட்டு இறங்கியதும் அவர் அக்காளின் கையை விட்டுவிடுவார். "உங்க குரலைப் பிடிச்சுக்கிட்டே நடக்கறேன் அம்மா. எங்கே சுவர், எங்கே வெளின்னு அதுவே சொல்லிடுது," என்று முதல் நாளே இன்ஷிராஹிடம் சொல்லியிருந்தார்.

கோம் ஓம்போவில் மாலை வெயில் தூண்களில் சாய்ந்து விழுந்திருந்தது. "இது ரெண்டு சாமிக்கு ஒரே வீடு. வலப்பக்கம் முதலை, இடப்பக்கம் பருந்து," என்று ஆரம்பித்தாள். அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றாள். அதுவும் வரவில்லை.

"என்ன உஸ்தாஸா, முதலைச் சாமி இன்னைக்காவது நிம்மதியாத் தூங்கட்டும்னு விட்டுட்டீங்களா?" என்று பகீத் சிரித்தான். அவனுக்கு அவள் எப்போதும் உஸ்தாஸா, வாத்தியாரம்மா. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். தண்ணீர் இறங்கியது. குரல் ஏறவில்லை.

அவள் சளைக்கவில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் முதலை வாய்போலத் திறந்து மூடிக் காட்டினாள். குழு சிரித்தது. எவுசேபியோவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. மற்றவர்கள் சிரிக்கிறார்களே என்பதற்காகச் சிரித்த சிரிப்பு அது. முகம் சுவரைப் பார்க்காமல் எங்கோ திரும்பியிருந்தது. "ஏன் நிறுத்திட்டாங்க?" என்று அக்காளிடம் மெல்லக் கேட்டார். அது இன்ஷிராஹைச் சுருக்கென்று தைத்தது.

நேரே போய் அவருடைய கையைப் பிடித்து விரித்தாள். உள்ளங்கையில் விரல் நகத்தால் ஒரு கோடு இழுத்தாள். நீளமாக இன்னொன்று. நடுவில் சின்னச் சின்னக் குத்துகள்.

"என்னது இது? நீளமா... பல்லு. முதலையா?"

மணிக்கட்டில் ஒரு தட்டு. பிறகு உள்ளங்கையில் தோள், இடுப்பு, கால் என்று வரைந்தாள்.

"மனுஷன் மாதிரி உடம்பு. தலை மட்டும் முதலை. தலைக்கு மேல இது என்ன, ரொட்டியா?"

ஒரு கிள்ளு.

"ஐயோ. சரி, கிரீடம்."

தட்டு. சரியென்றால் தட்டு, தப்பென்றால் கிள்ளு என்று குழுவுக்கே விளங்கிவிட்டது. எல்லோரும் சுவரையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தூணின் உயரத்தை எப்படிச் சொல்வது? உள்ளங்கையில் தொடங்கி, முழங்கை தாண்டி, தோள் வரை விரலை ஏற்றினாள். அவர் தாமாகவே தலையை அண்ணாந்தார். "இவ்வளவா," என்றார்.

பின்சுவரில் பிரசவ நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை வரைந்தபோது, எவுசேபியோ, "இது ரெமெடியோஸ் சாப்பிட்டு முடிச்சு உட்கார்ற மாதிரி இருக்கே," என்றார். இன்ஷிராஹ் கிள்ளினாள்.

"இன்னும் அழுத்திக் கிள்ளுங்க அம்மா," என்றாள் ரெமெடியோஸ். "சின்ன வயசுலேர்ந்து நானும் கிள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன். உறைக்கலை."

மற்றக் குழுக்களிலிருந்தும் சிலர் வந்து சேர்ந்துகொண்டார்கள். பகீத்தும் நாற்காலியை விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தான். "நீங்க கத்தும்போதெல்லாம் நான் ஒரு வார்த்தை காதுல வாங்கினதில்லை உஸ்தாஸா. இன்னைக்குத்தான் இந்தச் சுவத்தைப் பார்க்கறேன்."

கோயிலை விட்டு வெளியே வந்ததும் அவள் படியில் உட்கார்ந்து, போனில் கம்பெனிக்கு நாலு வரி தட்டினாள். அடுத்த துறையான எட்ஃபுவில் வேறு ஆள் ஏறட்டும். ஒரு மாசத்துக்குத் தான் வீட்டுக்குப் போவதாக. அனுப்பிய பிறகும் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகீத் அருகில் வந்து நின்றதும் அதை அவனிடம் காட்டினாள். "அடுத்த மாசம் வருவீங்கதானே? யாராவது என்னை எழுப்பணுமே." அவள் குடையால் அவன் காலைத் தட்டினாள்.

துறைக்கு இறங்கும் வழியில் எவுசேபியோ நின்றார். "கன்னத்துல சூடு குறைஞ்சிடுச்சு. சூரியன் போயிடுச்சா?"

இன்ஷிராஹ் ஆற்றுக்கு அப்பால் பார்த்தாள். அவர் கையை வாங்கி, உள்ளங்கையின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு மேலே தன் கட்டைவிரலை வைத்தாள். அக்கரைப் பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்க இறங்க, அதன் வேகத்திலேயே விரலையும் இறக்கினாள். பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள். விரல் கோட்டைத் தாண்டியதும், அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.