தாய்மாமன் வாங்காத புலிநகம்

போன வியாழக்கிழமை எங்கள் ஊர் காஜா பேராங் திடலில் படம் போட்டோம். ஆப்பிரிக்கப் படம். வேட்டைக்குத் தடை போட்ட பெரிய காடு. சிங்கம், யானை, வரிக்குதிரை எல்லாம் வரும். சர்க்கார் படவண்டியை ஓட்டுவதும் நான்தான், மெஷினைச் சுற்றுவதும் நான்தான்... உங்களுக்குத் தெரியும்.

நடுவில் ஒரு இடம். திருட்டு வேட்டைக்காரன் சுட்ட பெண்சிங்கம் செத்துக் கிடக்கும். குட்டி அதன் வயிற்றை முட்டி முட்டிப் பார்க்கும். முன்பு போட்ட செங் ஊரில் அழுதார்கள். செமாபோக்கில் அழுதார்கள். இங்கேயும் அழுதார்கள். தமிழ் மறந்துபோன கம்போங் செட்டிப் பெண்கள் மலாயில் பரிதாபப்பட்டார்கள், நம்மவர்கள் தமிழில்.

முன்னால் என் தங்கச்சி புருஷன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுட்டவன் கை விளங்காமல் போகட்டும் என்று சாபம் விட்டார்.

படம் முடிந்தது. திரையை மடித்துக்கொண்டிருந்தேன். அதே ஈரக் கண்ணோடு கிட்டே வந்தார்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை புள்ளைக்கு முப்பது. புலிநகம் மறந்துறாதீங்க. ரெண்டு."

முப்பதாம் நாள் தாய்மாமன் பிள்ளை கழுத்தில் புலிநகச் சங்கிலி போடுவது எங்கள் பக்கத்து முறை. பிள்ளைக்குப் பயம் வராதாம். என் வண்டி காட்டோரத் தோட்டங்களுக்குப் போகிறது, அங்கே நகம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

"இப்பதான அழுதீங்க, மாப்பிள்ள?"

"அது சிங்கம், மச்சான்."

மடித்த திரையைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆப்பிரிக்காவில் காவல் வேண்டும், சட்டம் வேண்டும். நம் ஊர்ப் புலி மட்டும் தானாக நகத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகுமா? மெர்டேக்கா வந்தது, சுதந்திரம் கிடைத்தது, இனி காடு நம்முடையது என்று கை தட்டினோமே — கொன்று தீர்க்கத்தானா?

வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் தங்கச்சி வந்தாள். உட்காரவில்லை. எனக்கு ஒரே தங்கச்சி, அவளுக்கு இது முதல் பிள்ளை.

"சபையில நான் தல குனியணுமாண்ணே?"

அவள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெறும் சங்கிலியோடு போனேன். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "ஒங்கள நம்பியா புலி இருக்கு?" என்று சிரித்தார். பிள்ளை கழுத்தில் ஏற்கெனவே இரண்டு நகம். அவர் தம்பி போட்டது. மாமன் செய்ய வேண்டியதைச் சித்தப்பன் செய்துவிட்டான். தங்கச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. என் சங்கிலி சட்டைப்பையிலேயே கிடந்தது.

கடைசிப் பந்தியில் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் நகைக்கடைப் பத்தர். நகத்துக்குத் தங்கம் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எரும கொம்புங்க. அரத்துல ராவி மெருகு போட்டேன். நெசப் புலிக்கு நான் எங்க போக?"

கோபம் இரண்டு மடங்கானது. பிள்ளை கழுத்தில் பொய். அதற்காக நான் கடைசிப் பந்தியில். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். போன மானம் திரும்பியிருக்கும்.

மாப்பிள்ளை என்ன செய்வார்? நிஜ நகம் தேடுவார்.

பாயசத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தங்கச்சி இன்னும் பேசவில்லை.

மாப்பிள்ளை இந்தப் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. இதைப் படித்தவர்கள் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.