கூந்தல் மேலே ரயில்

சுருட்டை செத்துப்போன செய்தி வந்தபோது சின்னவள் ஒரு பெண்ணின் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அழகு நிலையத்து ரேடியோவில் அறிவிப்பாளர் குரல் தழுதழுக்கச் சொன்னார். பாடகருக்கு அம்மா அப்பா வைத்த பேர் வேறு. அந்த முடிக்காக ஊரே வைத்த பேர் சுருட்டை. சின்னவளும் அப்படி ஒன்றும் சின்னவள் இல்லை, பேரன் எடுக்கிற வயது. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பேர் அது.

உடனே அவருடைய பிரபலமான பாட்டைப் போட்டார்கள். கடையே சேர்ந்து பாடியது. சின்னவளும் பாடினாள். “உன் கூந்தல் மேலே” என்றாள், நாக்கால் ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டாள், “ரயில் போகுதே” என்று முடித்தே விட்டாள். மற்றவர்கள் அப்போதுதான் “மழைத்துளி ஆவேன், ஊருக்குப் பின்னாலே” என்று இழுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் இருந்தவள் சாயம் வழிய வழியச் சிரித்தாள். சின்னவள் வழிந்த சாயத்தைத் துடைத்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கேசட். டேப்ரெக்கார்டர் ஒருநாள் நாடாவை மென்று துப்பிவிட்டது. அக்கா கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் நகப்பாலிஷ் வைத்து ஒட்டினாள். அன்றிலிருந்து மழையும் போச்சு, ஊரும் போச்சு, கூந்தல் மேலேயே ரயில் ஓடியது. ஒட்டுப்போட்ட இடத்தில் ‘டக்’. இரண்டு பேரும் அதையும் சேர்த்தே பாடினார்கள்.

அக்காவுக்குச் சுருட்டை மாதிரியே முடி வேண்டும். சின்னவள் கம்பியைக் காய்ச்சிச் சுருட்டப் போய் பாதியைப் பொசுக்கிவிட்டாள். அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அக்கா மட்டும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, “பரவால்லடி, ரயில் போன மாதிரிதான் இருக்கு” என்றாள். அந்தத் தைரியத்தில் சின்னவள் பிடித்த தொழில்தான் இன்றுவரை சோறு போடுகிறது.

அத்தான் காலமான பிறகு அக்கா தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். வந்த கொஞ்ச நாளிலேயே ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றது. அடுப்பை மறந்தாள், கிழமையை மறந்தாள். அதெல்லாம் போகட்டும். ஒருநாள் காலையில் காபி கொடுத்த தங்கையைப் பார்த்து, நீங்க யாருங்க என்று கேட்டாள். வாயைத் திறந்தால் வாடி போடி தவிர வேறு வராத அக்கா அவள். இப்போது தங்கைக்கு வீட்டில் கிடைப்பதெல்லாம் மரியாதைதான், அந்த மரியாதையைப் போல அவளை அழ வைத்தது வேறு எதுவும் இல்லை. ஒரே ஒரு ‘டி’ கிடைத்தால் போதும் என்று காத்துக்கிடந்தாள்.

சாயத்தை அலசிவிட்டதும் சின்னவள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எதை மறந்தாலும் அந்த ‘டக்’கை அக்கா மறந்திருக்க மாட்டாள், அதைப் பிடித்துக்கொண்டாவது தன்னிடம் வந்துசேருவாள் என்று மனசு அடித்துச் சொன்னது.

வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சுருட்டையின் பழைய படங்களைக் காட்டினார்கள். பகலில் அக்காவுக்குத் துணைக்கு இருக்கும் பெண், அம்மா காலையிலிருந்து கண்ணை எடுக்காமல் இதையேதான் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சின்னவள் சீப்பை எடுத்துக்கொண்டு அக்காவின் பின்னால் உட்கார்ந்தாள். நரைத்த முடியில் வகிடு எடுத்தபடி மெல்லப் பாடினாள். “உன் கூந்தல் மேலே...” வேண்டுமென்றே அங்கேயே நிறுத்தினாள்.

‘டக்’ என்றாள் அக்கா. “ரயில் போகுதே.”

 அக்கா திரும்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பழைய பாசமெல்லாம் அந்தப் பார்வையில் அப்படியே இருந்தது. பிறகு டிவியை ஒருமுறை பார்த்துவிட்டு, தங்கையின் கையைப் பிடித்து, ரகசியம் மாதிரிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சுருட்டை செத்துட்டானாம்ங்க. எங்க சின்னவ வேலைக்குப் போயிருக்கா. வந்தா நீங்க சொல்லிடாதீங்க, அவ தாங்க மாட்டா.”

“சொல்ல மாட்டேங்க” என்றாள் சின்னவள். எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டு வந்து, மிச்ச முடியையும் வாரி முடித்தாள்.